வகைப் பெயரா, வைத்த பெயரா? ஆங்கிலத்தின் காமன் நவுனும் ப்ராப்பர் நவுனும்

பக்கத்து வீட்டுப் பையன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். ஆங்கில வீட்டுப்பாடத்துக்காக நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் காமன் நவுன், வலது பக்கம் ப்ராப்பர் நவுன் என்று எழுதிக்கொண்டு வந்தான். 'ட்ரீ' சரியாக இடது பக்கம் இருந்தது. 'பாம் ட்ரீ' வலது பக்கம் போயிருந்தது. ஏன் என்று கேட்டேன். "பனை சிறப்புப் பெயர்தானே அத்தை? தமிழ் மிஸ் சொன்னாங்களே" என்றான்.

தமிழில் அவன் சொன்னது சரிதான். நன்னூல் வழியில் மரம் இடுகுறிப் பொதுப்பெயர், பனை இடுகுறிச் சிறப்புப்பெயர். பறவை காரணப் பொதுப்பெயர், மரங்கொத்தி காரணச் சிறப்புப்பெயர். பெரிய கூட்டத்துக்குள் ஓர் இனத்தைப் பிரித்துச் சொன்னாலே நம் இலக்கணத்தில் அது சிறப்புதான். ஆங்கிலம் அங்கே நிற்பதில்லை, இன்னும் கீழே இறங்கி ஒற்றை ஆளை, ஒற்றை ஊரைத் தேடுகிறது. எந்தப் பனையைக் காட்டினாலும் 'பாம்' என்ற சொல் பொருந்தும் என்பதால் அது காமன் நவுன். மரங்கொத்தியும் அப்படியே.

ப்ராப்பர் நவுனுக்குச் 'சிறப்புப் பெயர்' என்று நேராகச் சொல்லிக்கொடுப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. அதனால் நான் வகைப் பெயர், வைத்த பெயர் என்று சொல்கிறேன். நாய் வகைப் பெயர். அதை 'மணி' என்று கூப்பிட்டால் அது வைத்த பெயர். நதி வகை, காவிரி வைத்தது.

இரண்டையும் எப்படி அடையாளம் காண்பது? வகுப்பில் முதலில் சொல்வது கேபிடல் லெட்டர். ப்ராப்பர் நவுன் என்றால் முதல் எழுத்து பெரியது, காமன் நவுன் என்றால் சின்னது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே கிடையாது என்பதால் நம் பிள்ளைகள் இதை மனப்பாடமாகவே பிடித்துக்கொள்கிறார்கள். எழுதும்போது இந்த விதி உதவும், கண்டுபிடிக்க உதவாது. ப்ராப்பர் நவுன் என்று தெரிந்த பிறகுதானே பெரிய எழுத்து போட முடியும்? அதோடு, 'நான்' என்ற பொருளில் வரும் 'ஐ' எப்போதும் பெரிய எழுத்து, ஆனால் அது நவுனே இல்லை. கிழமைக்கும் மாதத்துக்கும் பெரிய எழுத்து உண்டு, 'சம்மர்', 'விண்டர்' இரண்டுக்கும் இல்லை. ஜெர்மன் மொழியில் எல்லா நவுனுக்கும் பெரிய எழுத்துதான். ஆங்கிலமும் ஒரு காலத்தில் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. 1787இல் கையால் எழுதிய அமெரிக்க அரசியல் சாசனத்தைப் பார்த்தால் 'பீப்பிள்', 'ஜஸ்டிஸ்' போன்ற சாதாரணச் சொற்களும் பெரிய எழுத்தில் தொடங்கும்.

எனக்கு நம்பிக்கையான அடையாளம் 'ஏ', 'தி' என்ற ஆர்ட்டிகிள். எண்ணக்கூடிய ஒருமை காமன் நவுன் பொதுவாகத் தனியாக வராது: 'ஏ சிட்டி', 'தி சிட்டி', 'மை சிட்டி' என்று முன்னால் ஏதாவது வேண்டும். 'மதுரை' எதுவும் இல்லாமல் தனியாக நிற்கும். விதிவிலக்கு உண்டு. நதிகளுக்கும் மலைத்தொடர்களுக்கும் 'தி' வரும்: 'தி தேம்ஸ்', 'தி ஹிமாலயாஸ்'. ஒற்றைச் சிகரத்துக்கும் ஏரிக்கும் பெரும்பாலும் வராது: 'மவுண்ட் எவரெஸ்ட்', 'லேக் விக்டோரியா'. அம்மாவையும் இதே வழியில் பிரிக்கலாம். 'மை மதர்' என்றால் சின்ன எழுத்து. 'மை' இல்லாமல் பெயர் போலவே 'மதர்' என்று கூப்பிட்டால் பெரிய எழுத்து.

பன்மையில் எனக்குப் பிடித்த ஒரு வேறுபாடு இருக்கிறது. 'சிட்டி' பன்மையாகும்போது கடைசி 'ஒய்' போய் 'ஐ ஈ எஸ்' வரும். கென்னடி குடும்பத்தைச் சொல்லும்போது 'ஒய்' அப்படியே இருக்கும், 'எஸ்' மட்டும் ஒட்டும். வைத்த பெயரின் எழுத்தில் கை வைக்கக் கூடாது என்ற மரியாதை அது.

சரி, இந்தக் கோடு நிலையானதா? இல்லை. 1880இல் அயர்லாந்தின் மேயோ பகுதியில் ஒரு பண்ணையை நிர்வகித்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். வாடகையைக் குறைக்கச் சொன்ன குடியானவர்களை வெளியேற்ற முயன்றார். ஊரே அவரை ஒதுக்கியது. அறுவடைக்கு ஆள் வரவில்லை, கடைக்காரர் பொருள் தரவில்லை. அவர் பெயரே அந்தச் செயலுக்குப் பெயராகி, இன்று சின்ன எழுத்தில் 'பாய்காட்' என்று நிற்கிறது. மதராஸ் நகரத்தின் பெயரில் விற்ற கட்டம் போட்ட பருத்தித் துணியும் சின்ன எழுத்து 'மெட்ராஸ்' ஆகிவிட்டது. ஆட்களின் பெயரிலிருந்து வந்த 'வாட்', 'நியூட்டன்' என்ற அலகுகளை முழுதாக எழுதினால் சின்ன எழுத்து, குறியீடாக எழுதினால் பெரிய எழுத்து. ஆளின் நினைவு அந்த ஓர் எழுத்தில் மிச்சம் இருக்கிறது.

கம்பெனிகளுக்கு இது பண நஷ்டம். பேயர் கம்பெனி 1899இல் வைத்த பெயர் 'ஆஸ்பிரின்'. 1921இல் அமெரிக்க நீதிமன்றம் அது பொதுச் சொல்லாகிவிட்டது என்றது. கனடாவிலும் ஜெர்மனியிலும் அது இன்னும் பேயரின் வணிகப் பெயர்தான். ஒரே சொல் ஒரு நாட்டில் காமன், இன்னொரு நாட்டில் ப்ராப்பர்! நம் ஊர் 'ஜெராக்ஸ் கடை'யும் இந்தக் கதைதான், ஜெராக்ஸ் என்பது ஒரு கம்பெனியின் பெயர். பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும், ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதும்போது 'போட்டோகாப்பி' என்று எழுதுவதே நல்லது.

எதிர்த் திசையிலும் பயணம் உண்டு. 'வொயிட் ஹவுஸ்' வெள்ளையடித்த எந்த வீட்டுக்கும் பொருந்தும். வாஷிங்டனில் இருக்கும் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் இரண்டு சொல்லும் பெரிய எழுத்து.

பையனிடம் கடைசியாக இதைத்தான் சொன்னேன். 'பாம் ட்ரீ'யை அடித்துவிட்டு இடது பக்கம் எழுதினான். "அப்போ எந்த மரமும் வலது பக்கம் வராதா அத்தை?" என்றான். வரும். கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஹவுராவின் தாவரவியல் தோட்டத்தில் ஓர் ஆலமரம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான விழுதுகள், தூரத்திலிருந்து பார்த்தால் தோப்பு போலவே தெரியும். அதற்கென்று வைத்த பெயர் 'தி கிரேட் பேனியன்'. வலது பக்கம் முதல் வரியில் அதை எழுதிக்கொண்டு போனான்.