இருபது வருடம் கழித்து மறுபடியும் கியர் வண்டி: 195 கிலோவா, 160 கிலோவா?

ஆர்எக்ஸ் 100, ஸ்ப்ளெண்டர் என்று ஒரு காலத்தில் ஓட்டிவிட்டு, பிறகு காருக்கோ ஸ்கூட்டருக்கோ மாறியவர்கள் நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் மறுபடி பைக் வாங்கப் போனால், பெரும்பாலும் முதலில் போய் நிற்பது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பக்கத்தில்தான். நல்ல வண்டிதான். ஆனால் முதல் ஆறு மாதத்துக்கு அதை ஓட்டுவதைவிடத் தள்ளுவதும் திருப்புவதும்தான் பெரிய வேலை.

எடையைப் பாருங்கள். கிளாசிக் 195 கிலோ, அதே கம்பெனியின் மீட்டியார் 191, ஹன்டரும் ஹோண்டா ஹைனெஸ் சிபி350-யும் 181, டிவிஎஸ் ரோனின் சுமார் 160. உங்கள் கைகால் பழகிய பழைய வண்டிகள் 100 முதல் 112 கிலோ. நாற்பது கி.மீ. வேகத்துக்கு மேல் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. அடுக்குமாடி பார்க்கிங்கின் சரிவில் தெரியும். மழை நனைத்த டைல்ஸ் வாசலில் தெரியும். டீக்கடை முன்னால் முன்சக்கரம் பள்ளத்தைப் பார்க்க நிறுத்திவிட்டுப் பின்னால் இழுக்கும்போது நன்றாகவே தெரியும். திரும்பி வந்தவர்கள் வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் நெடுஞ்சாலையில் அல்ல; யு-டர்ன் பாதியில், எதிரே ஆட்டோ வந்து சட்டென்று நிற்க வேண்டிவந்து, கால் ஊன்றிய இடத்தில் மண் இருக்கும்போது.

ஆகவே டெஸ்ட் ரைடுக்குப் போனால் இன்ஜினை அணைத்தபடியே ஆரம்பியுங்கள். ஏறி உட்கார்ந்து, காலால் உந்திப் பத்தடி பின்னால் கொண்டுபோக முடிகிறதா? இறங்கி நின்று கைப்பிடியைப் பிடித்து ஒரு வட்டம் தள்ள முடிகிறதா? இரண்டு குதிகாலும் தரையில் பதிகிறதா? மீட்டியாரின் சீட் 765 மி.மீ., ஹன்டர் 790, ரோனின் 795, சிபி350 800, கிளாசிக் 805. எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அகலமான சீட் தொடையை விரித்துவிடுவதால் உயரம் குறைவாக இருந்தும் கால் எட்டாமல் போகலாம். பிறகு ஸ்டார்ட் செய்து, முதல் கியரில் பாதி கிளட்ச்சில், பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி இடப்பக்கம் ஒரு யு-டர்ன், வலப்பக்கம் ஒரு யு-டர்ன். வீட்டில் பின்னால் உட்காரப்போகிறவரையும் ஏற்றிக்கொண்டு இதையே ஒருமுறை செய்துவிட வேண்டும். ஷோரூம்காரர் நேர் சாலையில் ஓட்டிப் பார்க்கச் சொல்வார். அதில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும்.

இடையில் பல வருடம் கியர் இல்லாத ஸ்கூட்டர் ஓட்டியவர்கள் ஒன்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஸ்கூட்டரில் இடக்கை லீவர் பின் பிரேக். பைக்கில் அது கிளட்ச். குறுக்கே நாய் பாய்ந்தால் இடக்கை தன்னால் இறுகும். கிளட்ச் பிடிபட்டு, இன்ஜின் இழுத்துப் பிடிப்பதும் போய், வண்டி வேகம் குறையாமல் உருளும். இது மூளைக்குத் தெரிந்தால் போதாது, கைக்குத் தெரிய வேண்டும். காலி மைதானத்தில் 30 கி.மீ. வேகத்தில் இருந்து, முன் பிரேக்கும் பின் பிரேக்கும் சேர்த்துப் பிடித்து, நிற்கப்போகும் கடைசி நொடியில் மட்டும் கிளட்ச். இதை ஐம்பது தடவையாவது செய்யுங்கள்.

ஸ்ப்ளெண்டர் காலுக்கு வேறொரு ஆபத்து. அதில் முன்னால் மிதித்தால் கியர் ஏறும். இந்த வண்டிகளில் ஒன்று கீழே, மீதி நான்கும் மேலே. ஏற்றுவதாக நினைத்து முன்னால் மிதித்தால் கியர் இறங்கும், பின்சக்கரம் ஒரு கணம் பிடித்துக்கொண்டு வழுக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் இன்ஜின் பிரேக்கிங் (ஆக்சிலரேட்டரை விட்டதும் இன்ஜின் இழுத்துப் பிடிப்பது) மிகக் குறைவு என்பதால் ஆர்எக்ஸ் ஓட்டியவர்களுக்கு இந்த இழுவை இன்னும் புதிதாக இருக்கும். ரோனினிலும் சிபி350-யிலும் உள்ள ஸ்லிப்பர் கிளட்ச், அதாவது கியர் சட்டென்று இறங்கும்போது கொஞ்சம் நழுவிக்கொடுக்கும் கிளட்ச், இந்தத் தவற்றை ஓரளவு மன்னிக்கும். ஹன்டரில் 2025 மாடலில்தான் அது வந்தது. பழைய ஹன்டரை செகண்ட் ஹேண்டில் பார்ப்பவர்கள் நினைவில் வையுங்கள். அந்த முதல் ஹன்டரின் பின் சஸ்பென்ஷனும் இடுப்புவலிக்காரர்களுக்குக் கொஞ்சம் முரடு.

சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது ஏபிஎஸ். அது வேலை செய்யும்போது லீவர் கையில் துடிக்கும். பழைய பழக்கத்தில் உடனே விட்டுவிடுவார்கள். விடக் கூடாது, பிடித்த பிடி அப்படியே இருக்கட்டும். ரோனின் வாங்கினால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து வரும் இரட்டைச் சேனல் ஏபிஎஸ் உள்ள வேரியன்ட்டாகக் கேட்டு வாங்குங்கள்; பணம் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுவல்ல.

முதல் வாரம் "வண்டி ரிப்பேர்" என்று வரும் புகார்களில் பாதி, சைடு ஸ்டாண்டை எடுக்காமல் கியர் போட்டதுதான். இன்ஜின் தானாக அணைந்துவிடும். இன்னொரு கால்வாசி, இன்ஜினை நிறுத்தும் சிவப்பு கில் ஸ்விட்ச்சைத் தெரியாமல் அணைத்து வைத்தது.

மாதக்கணக்கில் வைத்து ஓட்டும்போது தொல்லை தருவது பேட்டரி. இவற்றில் கிக்கர் கிடையாது. மூன்று வாரம் நிறுத்திவைத்தால் சார்ஜ் இறங்கும். அடியோடு இறங்கிவிட்டால் பெட்ரோல் பம்ப்புக்கே கரண்ட் இருக்காது, தள்ளி ஸ்டார்ட் செய்வதும் பலிக்காது. நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடவிடுவதில் பயனில்லை. வாரம் ஒருமுறை இருபது நிமிடமாவது சாலையில் ஓட வேண்டும். மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2-க்குக் கீழே போனால் சார்ஜரில் போடுங்கள். அதே போல, ரிசர்வ் திருகு இல்லை என்பதால் முள் கீழே தொட்ட பிறகும் ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். டேங்க்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர வைப்பதே அந்தப் பெட்ரோல்தான்.

செயினுக்கு 500 கி.மீ.க்கு ஒருமுறை சுத்தம், லூப் (செயின் ஆயில்). கிளாசிக்கில் ஸ்போக் வீல் பார்க்க அழகு, ஆனால் உள்ளே டியூப். இரவில் நெடுஞ்சாலையில் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்ற ஆள் தேட வேண்டும். அலாய் வீல், டியூப்லெஸ் என்றால் ஓட்டையை அடைக்கும் ரப்பர் ஸ்ட்ரிப் வைத்துப் பத்து நிமிடத்தில் கிளம்பலாம். பழைய வண்டி என்றால் டயர் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த வயது டயர் வேண்டாம்.

பணம் கட்டுமுன் உரிமத்தை எடுத்துப் பாருங்கள். காலாவதியாகி ஓராண்டு தாண்டியிருந்தால் புதுப்பிக்க மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு படிவம் 1ஏ மருத்துவச் சான்றும் தேவை.

ஐந்து வருடத்துக்கு மேல் இடைவெளி விட்டவருக்கு என் தேர்வு ரோனின், அடுத்து 2025 மாடலோ அதற்குப் பிந்தையதோ ஆன ஹன்டர். உயரம் குறைந்தவருக்கு மீட்டியார். ஆனால் கால் முன்னால் நீண்டிருப்பதால் பள்ளத்தின் அடி நேராக முதுகெலும்பில் ஏறும், முதுகுவலி இருந்தால் வேண்டாம். கிளாசிக்தான் வேண்டும் என்று மனது நின்றால் வாங்குங்கள், முதல் இரண்டு மாதம் பின்னால் யாரையும் ஏற்றாதீர்கள். எதை வாங்கினாலும் முதல் சர்வீஸில் கிளட்ச் லீவரின் ஆட்டம் சரியாக இருக்கிறதா, கியர் லீவரும் பிரேக் பெடலும் நீங்கள் தினமும் போடும் ஷூவுக்குச் சரியான உயரத்தில் இருக்கின்றனவா என்று பக்கத்தில் நின்று சரிசெய்து வாங்குங்கள்.