கல்லூரிக் கால்பந்தில் இடம் தேடித் தரும் கட்டணச் சேவை: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டே கால்பந்து ஆடும் பெண்களுக்குக் கல்லூரி அணியில் இடம் பெற வழிகாட்டுவதாகச் சொல்லும் நிறுவனங்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றில் எங்கள் மகளுக்காகப் பணம் கட்டிச் சேர்ந்தோம். அவள் இப்போது மூன்றாம் பிரிவுக் கல்லூரி ஒன்றில் நடுக்கள வீராங்கனையாக ஆடுகிறாள் (கல்லூரி விளையாட்டு அங்கே மூன்று பிரிவுகளாக உள்ளது; முதல் பிரிவே போட்டி மிகுந்தது). இந்நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே முறையில் இயங்குபவை என்பதால், பெயரை விட்டுவிட்டு அந்த முறையை மதிப்பிடுவதே இதே முடிவை எடுக்க வேண்டிய தமிழ்ப் பெற்றோருக்குப் பயன்படும் என்று கருதுகிறேன். மதிப்பெண்ணும் கலந்தாய்வும் கொண்டு கல்லூரியில் சேர்ந்த நமக்கு, ஒரு பயிற்சியாளர் பதினாறு வயதுப் பெண்ணின் ஆட்டத்தைப் பார்த்துத் தம் அணிக்கு அழைக்கும் வழக்கம் புதியது. அந்தப் புதுமையால் ஏற்படும் தயக்கமே இச்சேவைகளுக்குப் பெரிய சந்தையாக இருக்கிறது.

பல தொகுப்புகளாக விற்கிறார்கள். மேல்நிலைத் தொகுப்புக்குச் சில ஆயிரம் டாலர் ஆகும். வீராங்கனையின் விவரப் பக்கம், தொகுத்துத் தரப்படும் வீடியோ, கல்லூரிப் பயிற்சியாளர்களின் முகவரித் திரட்டு, அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும் வசதி, அவ்வப்போது தொலைபேசியில் பேசும் ஆலோசகர் ஆகியவை அதில் அடங்கும்.

வீடியோத் தொகுப்பு நன்றாகவே இருந்தது. ஒவ்வொரு காட்சியும் தொடங்கும் முன் எங்கள் மகள் எங்கே நிற்கிறாள் என்பதை வட்டமிட்டுக் காட்டி, சிறந்த காட்சிகளை முதலில் வைத்திருந்தார்கள். ஆனால் கோல் அடிப்பவருக்கும் கோல் காப்பவருக்கும் பொருந்தும் இந்த வடிவம் நடுக்களத்தில் ஆடுபவருக்கு முழுமையாகப் பொருந்தாது. பந்து வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பது, எதிரணி பந்தைக் கடத்தும் பாதையை மறித்து நிற்பது, பந்தை இழந்த நொடியிலேயே அதை மீட்க ஓடுவது போன்றவற்றைச் சில நொடிக் காட்சிகளில் காட்ட முடியாது. ஆர்வம் காட்டிய பயிற்சியாளர்கள் அனைவருமே முழு ஆட்டத்தின் பதிவைக் கேட்டார்கள். அதை, பள்ளிக்கு வெளியே அவள் ஆடிய கிளப் அணி ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்தது.

விதிகளைப் பற்றிய வழிகாட்டல்தான் இச்சேவையின் முக்கியப் பகுதி என்று எதிர்பார்த்தேன். முதல் பிரிவு மகளிர் கால்பந்தில், பத்தாம் வகுப்பு முடிந்த பிறகு வரும் ஜூன் 15 வரை பயிற்சியாளர்கள் ஒரு மாணவியைத் தம் அணிக்கு அழைக்கும் நோக்கில் தொடர்புகொள்ளக் கூடாது என்பது கல்லூரி விளையாட்டை நெறிப்படுத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி. மாணவி எத்தனை மின்னஞ்சல் அனுப்பினாலும் முகாம் அறிவிப்பு, விவரப் படிவம் போன்றவற்றை மட்டுமே அவர்கள் பதிலாக அனுப்ப முடியும். கல்லூரியைப் பார்வையிட அழைப்பது பதினொன்றாம் வகுப்பு தொடங்கும் ஆகஸ்ட் 1 முதல்தான். எனவே அந்தத் தேதிகளுக்கு முந்தைய மௌனம் நிராகரிப்பு ஆகாது. இதை ஆலோசகர் முதல் உரையாடலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அதற்கு மாறாக, பதில் வராத நிலையையே காரணம் காட்டி, இன்னும் விலை கூடிய தொகுப்புக்கு மாறுமாறு அறிவுறுத்தினார். ஒரு பெண் தன் திறமையையே சந்தேகிக்கத் தொடங்கும் வயதில் இப்படிச் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

படிப்புத் தகுதி குறித்த உதவி இதைவிடப் பொறுப்பாக இருந்தது. முதல் பிரிவில் ஆடுவதற்கு, உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம், கணிதம், அறிவியல் போன்ற 16 அடிப்படைப் பாடங்களை முடித்து, அவற்றில் நான்குக்குக் குறைந்தது 2.3 சராசரி பெற்றிருக்க வேண்டும். அவற்றுள் பத்துப் பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்துவிட வேண்டும். எந்தப் பாடம் கணக்கில் சேரும், எது சேராது என்பதை வரிவரியாகச் சரிபார்த்துத் தந்தார்கள். நம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் பெரும்பாலும் தடையாக இருப்பதில்லை. ஆனால் பாடத் தேர்வில் கவனம் பிசகினால் பிறகு திருத்துவது கடினம்.

இச்சேவைகளின் விளம்பரங்கள் முழு உதவித்தொகையையும் தேசிய அணியையும் முன்னிறுத்துவதால், அந்த உச்சம் எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். பிரேசிலில் பிறந்து பன்னிரண்டு வயதில் சான் டியேகோவுக்கு வந்த கத்தரினா மக்காரியோ, ஸ்டான்ஃபோர்டு அணியோடு 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்றார். கல்லூரிக் கால்பந்தின் உயரிய ஹெர்மன் கோப்பையை 2018, 2019 என இருமுறை பெற்றார். படிப்பை முடிக்கும் முன்பே பிரான்ஸின் லியோன் அணிக்குச் சென்றார். அதே ஸ்டான்ஃபோர்டில் தடுப்பாட்டக்காரராக இருந்த நயோமி கிர்மா, முழங்கால் தசைநார் கிழிந்து ஒரு பருவத்தை இழந்தும் மீண்டு வந்து, 2022-இல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் அணிகள் புதிய வீராங்கனைகளை வரிசையாகத் தேர்ந்தெடுத்த நிகழ்வில் முதலாவதாக எடுக்கப்பட்டார். 2025 ஜனவரியில் இங்கிலாந்தின் செல்சீ அணி அவரைத் தன்னிடம் மாற்றிக்கொள்ள அவருடைய அணிக்குக் கொடுத்த தொகை, மகளிர் கால்பந்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டிய முதல் மாற்றுத்தொகை. இவர்களைப் போன்றவர்களைப் பயிற்சியாளர்களே தேடி வருவார்கள். அவர்களுக்கு எந்த இடைத்தரகரும் தேவையில்லை.

மற்ற பெண்களின் நிலை வேறு. முதல் பிரிவு மகளிர் கால்பந்து அணி ஒன்றுக்கு நெடுங்காலம் 14 உதவித்தொகைகளே உச்சவரம்பாக இருந்தன. அவற்றையே முப்பது பேர் வரை உள்ள அணிக்குப் பிரித்துக் கொடுத்ததால் பலருக்குக் கிடைத்தது ஒரு பகுதிதான். 2025-26 முதல், கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழிவிட்ட நீதிமன்ற உடன்பாட்டில் இணைந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு நீங்கியிருக்கிறது. பதிலாக அணியில் 28 பேருக்கு மேல் இருக்க முடியாது. வேறு கல்லூரிகளிலிருந்து அணி மாறி வரும் அனுபவசாலிகளும் இப்போது அதிகம். ஆகவே கடைசி இடங்களுக்காகக் காத்திருக்கும் பதினேழு வயதுப் பெண்ணுக்கு வாசல் குறுகியிருக்கிறது. எங்கள் ஆலோசகரின் பேச்சில் இந்த மாற்றம் இடம்பெறவே இல்லை.

மூன்றாம் பிரிவைப் பற்றியும் அவர் மிகக் குறைவாகவே பேசினார். அங்கே விளையாட்டுக்கென உதவித்தொகை கிடையாது. படிப்புத் திறனுக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி உண்டு. ஆய்வகப் பாடங்களும் ஆட்டங்களும் மோதாமல் அமைவதற்கான வாய்ப்பும் அங்கே கூடுதல். உயிரியல் படிக்க விரும்பிய எங்கள் மகளுக்கு இதுவே சரியான இடமாக அமைந்தது. அதையும் அவளே கண்டுபிடித்தாள். நிறுவனத்தின் வசதி வழியே ஒரே வாசகத்தில் பலருக்குப் போன மின்னஞ்சல்களுக்குப் பெரும்பாலும் பதில் வரவில்லை. ஒரு கல்லூரியின் ஆட்டத்தை முழுமையாகப் பார்த்து, அந்த அணி பந்தைப் பின்களத்திலிருந்து எப்படி முன்னெடுக்கிறது என்பதையும் தான் அதில் எங்கே பொருந்துவாள் என்பதையும் அவள் தன் சொற்களில் எழுதி அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வந்தது. அதன் பிறகு அக்கல்லூரி நடத்திய முகாமில் கலந்துகொண்டாள்.

இ.சி.என்.எல். போன்ற முன்னணி லீக்கில் ஆடும் கிளப் அணியில் உங்கள் மகள் இருந்தால், அந்தக் கிளப்பிலேயே கல்லூரி ஆலோசகர் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால் இந்தச் செலவு தேவையில்லை. சிறிய ஊரில், அத்தகைய கிளப் எட்டாத தொலைவில் இருப்பவர்களுக்கு அடிப்படைத் தொகுப்பு பயன்படும். முகவரித் திரட்டும் பாடச் சரிபார்ப்பும் அதிலேயே கிடைக்கின்றன. மேல்நிலைத் தொகுப்பை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கையெழுத்திடும் முன், இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆலோசகர் மகளிர் கால்பந்தில் பணியாற்றியவரா, அல்லது எல்லா விளையாட்டுகளுக்கும் ஒருவரே பொறுப்பா என்பதையும் கேளுங்கள்.