திருப்பிப் பெயர்ப்பதா, கூடிப் பெயர்ப்பதா?

பல நாடுகளில் ஒரே கேள்விகளைக் கேட்கும் சுகாதாரக் கணக்கெடுப்பு ஒன்றின் தமிழ் வினாத்தாளைத் தயாரிக்கும் வேலை சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வீடு வீடாகக் கேட்க வேண்டியது. தமிழாக்கம் சரியா என்று உறுதிசெய்ய இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, மீள்மொழிபெயர்ப்பு. ஒருவர் தமிழாக்குவார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்புவார். இரண்டு ஆங்கிலமும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். உளவியலாளர் ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் எழுதிய கட்டுரை இம்முறைக்குப் பெரும் செல்வாக்கைத் தந்தது. மற்றொன்று குழு முறை. இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து, மூன்றாமவரோடு உட்கார்ந்து வரிவரியாக விவாதிப்பார்கள். முடிவு சொல்ல ஒருவர் இருப்பார். பிறகு முன்சோதனை, அதாவது சிலரிடம் கேட்டுப் பார்ப்பது; எடுத்த முடிவுகளுக்கெல்லாம் எழுத்தில் பதிவு. கணக்கெடுப்பு ஆய்வாளர் ஜேனட் ஹார்க்னஸ் வகுத்த இந்த முறையைத்தான், பல ஐரோப்பிய நாடுகளில் ஒரே கேள்விகளைக் கேட்கும், 2002இல் முதல் சுற்றை நடத்திய ஐரோப்பியச் சமூகக் கணக்கெடுப்பு கையாள்கிறது.

மீள்மொழிபெயர்ப்பு மலிவானது, விரைவானது. தமிழ் தெரியாத மேலாளரும் ஆங்கிலத்தில் படித்துவிட்டு ஒப்புதல் தரலாம்.

என்னைக் குழு முறையின் பக்கம் கொண்டுவந்தது ஒரே ஒரு சொல். ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்பவர்களைக் குறிக்கும் 'ஹவுஸ்ஹோல்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை முதல் வரைவில் 'குடும்பம்' என்று எழுதியிருந்தோம். ஒத்திகையாக அதைத் திருப்பிப் பெயர்க்கவும் கொடுத்தோம். செய்தவர் அனுபவசாலி, வினாத்தாளில் அந்த இடத்தில் எந்த ஆங்கிலச் சொல் வரும் என்று அவருக்குத் தெரியும். அதையே எழுதினார். இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின.

முன்சோதனையில் ஓர் அம்மாவிடம், "உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?" என்று கேட்டோம். விரல்விட்டு எண்ணினார். துபாயில் வேலை பார்க்கும் மூத்த மகனைச் சேர்த்தார். பின்கட்டில் தனி அடுப்பு வைத்திருக்கும் இளைய மகனையும் மருமகளையும் சேர்த்தார். "தனியாகப் பொங்கினால் என்ன தம்பி, குடும்பம்தானே?" என்றார். அவர் சொன்னதில் பிழையே இல்லை. பிழை எங்கள் கேள்வியில் இருந்தது. வீட்டு வருமானத்தைத் தலைக்கணக்கால் வகுக்கும்போது தலைகள் கூடினால், அந்த வீடு இருப்பதைவிட ஏழையாகத் தெரியும். ஒரு மொழியில் மட்டும் இப்படி நேர்ந்தால், நாட்டுக்கு நாடு ஒப்பிடுவதே பொய்யாகிவிடும்.

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பொதுவான சமையலறையில் உண்டு சேர்ந்து வாழ்பவர்களையே ஓர் அலகாக எண்ணுகிறது. அதைப் பின்பற்றி, "இந்த வீட்டில் ஒரே சமையலில் சாப்பிட்டு உங்களோடு வசிப்பவர்கள் எத்தனை பேர்?" என்று மாற்றினோம். இதை ஆங்கிலத்துக்குத் திருப்பினால் மூலத்தோடு பொருந்தாது. தவறான சொல்லைத் தேர்ச்சிபெற வைத்த அதே சோதனை, சரியான கேள்வியைத் தடுத்து நிறுத்தியிருக்கும். மீள்மொழிபெயர்ப்பின் மீது எனக்கிருந்த நம்பிக்கை அங்கேதான் போயிற்று.

குழுவில் யாழ்ப்பாணத்துத் தங்கை ஒருவர் இருந்தார். வீட்டில் மனம்விட்டுப் பேச ஆள் உண்டா என்ற கேள்வி வந்தபோது, "அண்ணா, எங்கள் பக்கம் 'அம்மா பேசினார்' என்றால் ஏசினார் என்றுதான் எடுப்பார்கள். 'கதைக்க' என்று போடுங்கள்" என்றார். இலங்கைக்கு அப்படியே மாற்றினோம். இரண்டையும் ஆங்கிலமாக்கினால் ஒரே சொல்தான் வரும்.

குழு முறைக்கு மூன்று வாரம் கூடுதலாகப் பிடித்தது. தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் இருவர் கிடைக்காத சிறிய மொழிகளில் இது நடக்காது; அங்கே மீள்மொழிபெயர்ப்பை இரண்டாவது கண்ணாக வைத்துக்கொள்வதை நான் எதிர்க்க மாட்டேன். என் அனுபவம் நேரில் கேட்கும் கணக்கெடுப்பு மட்டுமே. கைப்பேசியில் மக்களே நிரப்பும் படிவங்களுக்கும் இது பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

'ஒரே சமையல்' வரிக்கு மட்டும் பதிவேட்டில் அரைப் பக்கம் காரணம் எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த சுற்றில் வேறு யாராவது வந்து, நீளமாக இருக்கிறதே என்று மீண்டும் 'குடும்பம்' என்று சுருக்கிவிடக் கூடாது.