ஹெர்னியா பெல்ட்: மூன்று வாரம் கட்டிப் பார்த்தேன்

ஜார்ஜ்டவுனில் ஒரு மருந்துக் கடையில் 68 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். பெல்ட்டைக் குறை சொல்ல முடியாது. எலாஸ்டிக் தளரவில்லை, வெல்க்ரோ நன்றாகப் பிடிக்கிறது. திண்டுதான் ரொம்பத் தடிமன். பினாங்கு வெயிலில் காலை பத்து மணிக்கே வேர்த்து ஊறி, தொடையிடுக்கு சிவந்துவிடும்.

லிட்டில் இந்தியாவில் மளிகை மொத்தக் கடையில் அரிசி மூட்டை தூக்குகிறவன் நான். வலது தொடையிடுக்குக்கு மேலே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. ஒரு கிளினிக்கில் டாக்டர் ஒரே ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். மூட்டை தூக்குகிறேன் என்றதும் ஹெர்னியாதான் (குடலிறக்கம்), ஆபரேஷன் செய்யணும் என்றார். முதலாளி பயந்து என்னைக் கணக்குப் பார்க்க உட்கார வைத்தார். ஓவர்டைம் போச்சு.

படுத்துக்கொண்டு, வீக்கம் உள்ளே போன பிறகுதான் பெல்ட்டைக் கட்ட வேண்டும் என்று அதோடு வந்த தாளில் இருந்தது. என் கட்டி உள்ளே போகவே இல்லை. படுத்தாலும் இருமினாலும் அதே அளவுதான். "உள்ள போகாததை எதுக்குங்க இப்படி இறுக்கிக் கட்டுறீங்க?" என்று மனைவி கேட்டாள். மறுநாளே அரசாங்கக் கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானில் 1 வெள்ளி கட்டி, அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்கினேன்.

அங்கே சர்ஜன் நிற்க வைத்து இருமச் சொன்னார், படுக்க வைத்தும் பார்த்தார். ஓரத்தை அழுத்தினால் கட்டி விரலுக்கு அடியில் வழுக்கியது. அப்புறம் அல்ட்ராசவுண்ட். நின்றபடியும் படுத்தபடியும் மூச்சைப் பிடித்து முக்கச் சொன்னார்கள். குடல் எதுவும் இறங்கவில்லை. தோலுக்கு அடியில் 3 சென்டிமீட்டர் கொழுப்புக் கட்டி. லைபோமா என்று எழுதித் தந்தார்கள். எல்லாருக்கும் இவ்வளவு தெளிவாகத் தெரியாதாம். விந்துக்குழாயை ஒட்டி உள்ளே கொழுப்பு இருந்தால் ஸ்கேனிலும் ஹெர்னியா மாதிரியே காட்டும், சில நேரம் திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார் சர்ஜன். எனக்கு ஆபரேஷன் தேவையில்லை. 5 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, வேகமாக வளர்ந்தாலோ, இறுகினாலோ உடனே வரச் சொன்னார்.

நிஜ ஹெர்னியா உள்ளவர்களும் கவனியுங்கள். உள்ளே போகாத வீக்கத்தின் மேல் பெல்ட் கட்டவே கூடாது. அதோடு வலியும் வாந்தியும் சேர்ந்தால் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு வாங்குகிறவர்களுக்கு மட்டும்: அளவு பார்த்துச் சரியான சைஸ் எடுங்கள், உள்ளே பருத்தி ஜட்டி போட்டுக் கட்டுங்கள்.