மரம் வெட்டும் தொழிலுக்கு ஐ.எஸ்.ஓ. சான்றிதழ்: மூன்று வருஷம் வைத்திருந்த அனுபவம்

காவேரிப்பட்டினத்தில் ஆறு பேரை வைத்துக்கொண்டு மரங்களைக் கவாத்து செய்வது, கூரை மேல் சாய்ந்ததைத் துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்குவது என்று தொழில் செய்கிறேன். பணியிடப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 45001 வாங்கி மூன்றாண்டுச் சுற்று முடிந்துவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி போன் வருகிறது. இதே தொழிலில் இருக்கும் தம்பிகள் “எடுக்கலாமாண்ணா?” என்று கேட்பதால் இதை எழுதுகிறேன்.

வீட்டு வேலையில் அந்தச் சான்றிதழால் ஒரு ரூபாய் கூடுதலாக வரவில்லை. நம்ம பக்கம் மரம் வெட்டும் கணக்கே வேறு. விறகை எடுத்துக்கொள்கிறவர் சும்மா வெட்டிக் கொடுப்பார். புளி, வேம்பு என்றால் மரத்துக்காரருக்கு அவரே காசும் கொடுப்பார். மரம் நிற்கட்டும், கிளையை மட்டும் பதமாக எடுக்கிறேன், கூலி இவ்வளவு என்றால், “விறகும் உனக்கு, காசும் உனக்கா தம்பி?” என்பார்கள். பிரேம் போட்ட காகிதம் அதற்குப் பதில் சொல்லாது. மாந்தோப்புக்காரர்கள் இன்னும் விவரமானவர்கள். அறுவடை முடிந்து கவாத்துக்குக் கூப்பிடும்போது, போன வருஷம் யார் தோப்பில் செய்தாய் என்று கேட்பார்கள். அங்கே போய்த் துளிர் எப்படி வந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் பேச்சே.

ஓசூர் சிப்காட் வேறு கதை. கம்பெனி வளாகத்துக்குள் ஒரு தூங்குமூஞ்சி மரக் கிளையை எடுப்பதற்கும் வெண்டார் பதிவு, ஒர்க் பெர்மிட், ஏறுகிற ஆளுக்கு உயரத்தில் வேலை செய்வதற்கான ஹைட் பாஸ் எல்லாம் வேண்டும். சான்றிதழ் இருந்ததால் எங்கள் கொட்டேஷனைப் பிரித்துப் பார்த்தார்கள், அது உண்மை. ஆனால் கேட்டைத் திறந்துவிட்டது டபிள்யூ.சி. பாலிசி, அதாவது தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு. பத்துப் பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் இ.எஸ்.ஐ.க்குள் வருவதில்லை. ஆள் விழுந்தால் இழப்பீட்டுக்கு அந்த பாலிசிதான் ஆதாரம். காசு கொஞ்சமாக இருந்தால் முதலில் அதை எடுங்கள்.

ஐ.எஸ்.ஓ. அமைப்பு நேரடியாக யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. தணிக்கை நிறுவனங்கள்தான் கொடுக்கின்றன. அந்த நிறுவனத்துக்கு, சான்றிதழ் தருகிறவர்களையே சோதித்து அங்கீகரிக்கும் என்.ஏ.பி.சி.பி. மாதிரியான அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் கட்டியதும் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பிவிடுகிறவர்களிடம் அது இருக்காது. விவரமான பர்ச்சேஸ் ஆள் அதைத்தான் முதலில் தேடுவார்.

எங்களுக்கு வந்த ஆடிட்டர் ஒரு தடவைகூட மரத்தை அண்ணாந்து பார்க்கவில்லை. பெரிய கிளைக்குக் கீழ்வெட்டு போட்ட பிறகு மேலே அறுத்தோமா, பட்டை கிழிந்ததா என்பதெல்லாம் அவருக்கு வேண்டாம். ரெஜிஸ்டரும் கையெழுத்தும் போதும். அந்த ரெஜிஸ்டரால் ஒரு நன்மை உண்டு. கயிறு, பெல்ட் ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுச் சோதிக்கும் பழக்கம் வந்தது. ‘இன்னும் ஒரு சீசன் தாங்கும்’ என்ற பேச்சு நின்றது.

பிரிட்டனில் ஆர்போரிகல்ச்சரல் அசோசியேஷன் என்ற மரப் பராமரிப்புச் சங்கம் அங்கீகாரம் தரும்போது, மதிப்பீட்டாளர்கள் வேலை நடக்கும் இடத்துக்கே போய்ப் பார்க்கிறார்கள். 1924-இல் தொடங்கிய ஐ.எஸ்.ஏ. என்ற சர்வதேச மர வளர்ப்புச் சங்கம், கம்பெனிக்கு இல்லாமல் தனி ஆளுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது. மரம் சார்ந்த படிப்பு இல்லையென்றால் மூன்று வருஷ வேலை அனுபவம் கேட்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மதிப்பு அதற்குத்தான் அதிகம். ஆனால் தேர்வு தமிழில் இல்லையே! என் குழுவில் மரம் அறிந்தவர் எவரோ, அவருக்கு இங்கிலீஷ் வராது.

இன்னொன்று: எந்தச் சான்றிதழ் இருந்தாலும் சாலையோரப் புளியமரத்தை நம் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. அரசு நிலத்து மரம் என்றால் மாவட்டப் பசுமைக் குழு அனுமதி வேண்டும்.

என் வருமானத்தில் பாதிக்கு மேல் ஓசூர் வேலை என்பதால் நான் புதுப்பிக்கிறேன். பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் வீட்டு மரமும் தென்னையும் மட்டும் செய்கிறவர்கள் இந்தப் பணத்துக்கு நல்ல கயிறும் பெல்ட்டும் வாங்கலாம். எடுப்பதென்றே முடிவு செய்தால், வருஷாவருஷம் வரும் கண்காணிப்புத் தணிக்கைக் கட்டணத்தையும் சேர்த்து மூன்று வருஷத்துக்கும் கொட்டேஷன் கேளுங்கள். எனக்கு வாயில் சொன்னது முதல் வருஷத் தொகை மட்டும்தான்.