ஓ.டி.ஜி.க்குள் ஸ்டோன்வேர் தட்டு: 7 வருட அனுபவம்

என் அடுக்களையில் இப்போது இருப்பது மூன்றாவது ஸ்டோன்வேர் தட்டு, அதாவது அதிகச் சூட்டில் சுட்டு இறுகிய களிமண் தட்டு. நீள்வட்டம், இரண்டரை லிட்டர் கொள்ளும், உள்ளே வெள்ளை, வெளியே தவிட்டு நிறம். வாரத்துக்கு இரண்டு தடவையாவது 45 லிட்டர் ஓ.டி.ஜி.க்குள் (மேலும் கீழும் கம்பி சூடேறும் சின்ன மின்சார ஓவன்) போய் வருகிறது. 7 வருடம் ஆகிவிட்டது, ஒரு கீறல் கிடையாது. இதற்கு முன் இருந்த இரண்டும் சேர்ந்து ஒன்றரை வருடம்கூட நிற்கவில்லை. மூன்றும் ஏறக்குறைய ஒரே தரம்தான். மாறியது என் கைப்பழக்கம்.

முதல் தட்டு போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வஞ்சிரம் துண்டுகளுக்கு மசாலா தடவி, முதல்நாள் இரவே அதில் அடுக்கி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். மறுநாள் மதியம் 220 டிகிரிக்குச் சூடேறியிருந்த ஓவனில் அப்படியே எடுத்து வைத்தேன். பத்து நிமிடம் இருக்கும், 'டப்' என்று ஒரு சத்தம். தட்டு நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, எண்ணெயும் மசாலாவும் அடிக்கம்பியில் ஒழுகி, வீடெல்லாம் புகை.

ஸ்டோன்வேர் சூளையில் சுமார் 1200 டிகிரியில் வெந்து வந்த பொருள். நம் ஓவனின் 250 டிகிரி அதற்கு ஒரு பொருட்டே கிடையாது. ஒரே தட்டுக்குள் ஒரு பக்கம் சுட்டு இன்னொரு பக்கம் குளிர்ந்து கிடந்தால்தான் விபரீதம். சுட்ட பக்கம் விரியப் பார்க்கிறது, குளிர்ந்த பக்கம் விடமாட்டேன் என்கிறது. இழுபறியில் தட்டு விட்டுக்கொடுக்கிறது.

மண்சட்டி நேராகத் தீயிலேயே உட்காருகிறதே, அதைவிட உறுதியான இது ஏன் உடைய வேண்டும் என்று எனக்கும் வெகுநாள் குழப்பம் இருந்தது. அந்த உறுதிதான் காரணம். மண்சட்டி குறைந்த சூட்டில் சுட்டது. மணலும் நுண்துளையுமாக இருக்கும். உள்ளே ஒரு கீறல் கிளம்பினாலும் அடுத்த துளையில் முட்டி நின்றுவிடும். ஸ்டோன்வேரில் களிமண்ணின் ஒரு பகுதி கண்ணாடியாகவே உருகி இறுகியிருக்கிறது. கீறல் கிளம்பினால் மறு ஓரம் வரை ஓடிவிடும். அதனால் மண்சட்டியைப் பழக்குவதுபோல் கஞ்சித் தண்ணீர் ஊற்றி வைப்பதெல்லாம் இதற்கு உதவாது. பெயரை வைத்துக் கல்சட்டி என்று நினைத்துவிடவும் வேண்டாம். அது மாக்கல்லைக் குடைந்து செய்வது. ஸ்டோன்வேருக்கு நம் வீட்டில் சொந்தம் என்றால் அந்தக் காலத்து ஊறுகாய் ஜாடிதான்.

இரண்டாவது தட்டு ஓவனுக்குள் உடையவே இல்லை. வெளியே எடுத்து கிரானைட் மேடைமேல் வைத்தேன். துடைத்த ஈரம் அங்கே இன்னும் இருந்திருக்கிறது. வைத்த மாத்திரத்தில் அடியில் 'டிக்' என்றது. பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாரம் கழுவும்போது கையோடு கழன்று வந்தது.

இதை நான் அழுத்திச் சொல்வேன்: உள்ளே வைக்கும்போது காட்டும் கவனத்தைவிட வெளியே எடுக்கும்போது அதிகம் காட்ட வேண்டும். பீங்கான் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. வெளிப்பக்கம் திடீரென்று குளிரும்போது மேல்தோல் சுருங்க, சூடான உட்பகுதி அதைப் பிடித்து இழுக்கிறது. நம் வீடுகளில் கிரானைட்டோ கடப்பாக் கல்லோ இல்லாத அடுக்களை அபூர்வம். அந்தக் கல் சூட்டை ஒரு நொடியில் உறிஞ்சிக்கொள்ளும். அம்மா குழம்புச் சட்டிக்கு வைத்திருந்த கயிற்றுப் பிரிமணை இரண்டு என்னிடம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அதன்மேல்தான் இந்தத் தட்டை இறக்குகிறேன். கைப்பிடித் துணியும் காய்ந்ததாக இருக்க வேண்டும்.

அடுத்தது ஓ.டி.ஜி.யின் கம்பிகள். பெரிய ஓவனில் தட்டுக்கும் கம்பிக்கும் இடைவெளி நிறைய, ஓ.டி.ஜி.யில் சில அங்குலம்தான். கம்பி சிவந்து எரியும்போது வைத்தால் அடிப்பக்கத்தில் நேர்ச்சூடு படும். கேக் தட்டு மாதிரி அவசரப்பட முடியாது. நான் முன்சூடு முடிந்து கம்பி அணையும் வரை காத்திருந்து, நடு அடுக்கில் வைப்பேன். கீழ் அடுக்கில் ஒரு வெறும் அலுமினியத் தட்டு, நேர்ச்சூட்டுக்குத் திரைபோல. மேல்கம்பி மட்டும் எரியும் கிரில் வேலைக்கு இந்தத் தட்டை எடுப்பதே கிடையாது.

ஃப்ரிட்ஜில் ஊற வேண்டியதை இப்போது எவர்சில்வர் டப்பாவில் ஊற வைக்கிறேன். சமைக்க ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து, பிறகே தட்டுக்கு மாற்றுகிறேன். உறைந்த கோழியைக் கட்டியாக அதில் வைப்பதைக் கனவிலும் நினைக்க வேண்டாம். பெரிய தட்டின் ஒரு மூலையில் நாலு உருளைக்கிழங்கு வைப்பதும் தப்பு. உணவு இருக்கும் இடம் குளிர்ச்சி, வெற்றிடம் கொதிப்பு. பாதிக்கு மேலாவது பரவியிருக்க வேண்டும். பாதியில் பாலோ குழம்போ சேர்க்க நேர்ந்தால் கொதிக்கக் கொதிக்க ஊற்றுகிறேன்.

ரொட்டிக்கும் பீட்சாவுக்கும் அடியில் வைக்கும், கண்ணாடிப் பூச்சில்லாத கல் வேறு கதை. அது தண்ணீர் குடிக்கும். குடித்த தண்ணீர் உள்ளேயே ஆவியாகி வழி தேடும்போது கல் விண்டுவிடும். சோப்பு போடாமல் சுரண்டித் துடைத்து, ஒரு முழு நாள் காயவிடுகிறேன். சூடேறாத ஓவனிலேயே வைத்து மெல்ல ஏற்றி, வேலை முடிந்ததும் கதவை மூடி உள்ளேயே ஆறவிடுகிறேன்.

மாதம் ஒருமுறை தட்டைக் கைவிரலால் சுண்டிப் பார்ப்பேன், சந்தையில் பானை வாங்குகிற மாதிரி. 'ணங்' என்றால் நலம். 'தொப்' என்று மங்கலாகக் கேட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது. பாலில் காய்ச்சினால் கீறல் அடைபடும் என்பார்கள். அடைபடலாம், ஆனால் பலம் திரும்பாது. ஓவனில் வைக்க வேண்டாம்.

புதிதாக வாங்குகிறவர்கள் கூர்மூலை உள்ள செவ்வகத்தை விட்டு, வட்டமோ நீள்வட்டமோ எடுங்கள். இழுப்பு மூலையில்தான் குவியும். தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஓரத்தைத் தடவிப் பாருங்கள். 1971-ல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி தொடங்கிய புதுச்சேரிப் பக்கம் கைவினை ஸ்டோன்வேர் நிறையக் கிடைக்கும். அழகைப் பார்த்து எடுத்துவிடாமல், ஓவனுக்கென்றே செய்ததா என்று கேளுங்கள். சில களிமண் கலவையில் கிறிஸ்டோபலைட் என்ற சிலிக்கா உண்டாகியிருக்கும். அது சுமார் 226 டிகிரியில் சட்டென்று அளவு மாறும். பரிமாற மட்டும் செய்த தட்டில் அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நான் 200 டிகிரியைத் தாண்டுவதில்லை.

குறை என்றால் கனம், அப்புறம் நேரம். அலுமினியத்தில் 35 நிமிடத்தில் ஆகும் பிரெட் புட்டிங் இதில் 45 ஆகிறது. ஆனால் ஓரம் கருகாமல் ஒரே சீராகச் சிவக்கும். சாப்பிட்டு முடியும்வரை சூடும் நிற்கும். தங்கை வீட்டுக்கும் இதையே வாங்கித் தரப்போகிறேன், கூடவே இரண்டு பிரிமணை.