ஆண் ஆசிரியர் பொறுப்பில் ஒரு மழலையர் வகுப்பு: பெற்றோர் மதிப்பீடு

எங்கள் மகள் சென்றுவரும் மழலையர் காப்பகத்தில், மிகச் சிறிய குழந்தைகளின் வகுப்புக்கு ஓர் ஆண் பொறுப்பாசிரியராக இருக்கிறார். அங்கே சேர்க்க எண்ணுபவர்கள் முதலில் கேட்பதும் அதைப் பற்றித்தான். கற்பித்தலுக்கும் பராமரிப்புக்கும் இந்தக் காப்பகத்துக்குத் தயக்கமின்றி உயர்ந்த மதிப்பெண் தருவேன். அந்த ஆசிரியரை நிர்வாகமும் பெற்றோரும் நடத்தும் விதத்துக்குத் தர மாட்டேன்.

காலையில் அழுதுகொண்டே வரும் குழந்தையிடம் அவர் உடனே பொம்மையை நீட்டுவதில்லை. தரையில் அருகே அமர்ந்து, அம்மா போய்விட்டது வருத்தமாக இருக்கிறது என்பதைக் குழந்தைக்காகத் தாமே சொல்லி, அழுகை தணிந்த பிறகு ஒரு குவளையிலிருந்து இன்னொன்றில் தண்ணீர் ஊற்றுவதுபோலக் கைக்கு வேலை ஏதாவது தருகிறார். இரு குழந்தைகள் ஒரே பொருளுக்கு இழுபறி செய்தால், தீர்ப்புச் சொல்வதற்கு முன் இருவருக்கும் என்ன வேண்டும் என்று கேட்கிறார். பயிற்சி பெற்ற எந்த நல்ல ஆசிரியரும் செய்வதுதான் இது.

ஆனால் பெற்றோர் பலருடைய பாராட்டு வேறு திசையில் போகிறது. ஆண் இருந்தால் பையன்கள் அடங்கியிருப்பார்கள் என்கிறார்கள். ஓடியாடி விளையாட ஆள் கிடைத்தது என்கிறார்கள். மேசை நகர்த்த வேண்டுமென்றால் பக்கத்து வகுப்பிலிருந்தும் அவருக்கே அழைப்பு வருகிறது. விரைவில் முதல்வர் ஆகிவிடுவீர்கள் என்று வாழ்த்துபவர்களுக்கு, அவர் இதே வகுப்பில் தொடர விரும்பக்கூடும் என்று தோன்றுவதில்லை. பெண்கள் மிகுந்த பணிகளில் ஆண்களை இவ்வாறு மேலே தள்ளிவிடும் போக்கை, சமூகவியலாளர் கிறிஸ்டின் வில்லியம்ஸ் 1992-இல் ‘கண்ணாடி நகரும் படிக்கட்டு’ என்று குறித்தார். கிண்டர்கார்ட்டனைத் தொடங்கி 1840-இல் அந்தப் பெயரையும் சூட்டிய ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரோபெல் ஓர் ஆண். எனினும் இன்று ஓஈசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) நாடுகளில் முன்பள்ளி ஆசிரியர்களில் ஆண்கள் சராசரியாக 100-க்கு 5 பேருக்கும் குறைவே. ஆகவே வியப்பு இயல்புதான். வியப்பு ஐயமாக மாறி, அந்த ஐயம் விதியாகவும் எழுதப்படுவதே என் குறை.

பாதுகாப்பு ஏற்பாடுகளில் காப்பகம் மிகச் சரியாகவே இருக்கிறது. டயப்பர் மாற்றும் இடம், அவ்வழியே செல்லும் எவரும் பார்க்கும்படி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உள்ளது. மூடிய கதவுக்குள் எந்தப் பெரியவரும் குழந்தையுடன் தனித்து இருப்பதில்லை. யார், எப்போது உடை மாற்றினார் என்பது பதிவேட்டில் ஏறுகிறது. இவை எல்லாப் பணியாளர்களுக்கும் பொதுவானவை, குழந்தையோடு ஆசிரியரையும் காப்பவை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் காப்பகப் பணியாளராக இருந்த பீட்டர் எல்லிஸ், குழந்தைகளிடம் பாலியல் குற்றம் புரிந்ததாக 1993-இல் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார். 2022-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தபோது அவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அதை அறிந்த ஆண் ஆசிரியர் எவரும் அந்தப் பதிவேட்டைச் சுமையாகக் கருத மாட்டார்.

இவ்வளவும் செய்துவிட்டு, சேர்க்கைப் படிவத்தில் ஆண் பணியாளர் குழந்தைக்கு உடை மாற்றிவிடுவதற்கு ஆட்சேபம் உண்டா என்று தனியாக ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறார்கள். தவறு செய்யக்கூடியவரைக் கண்ணாடித் தடுப்பும் இன்னொருவரின் பார்வையும் தடுக்கும். இந்தக் கேள்வி எவரையும் தடுப்பதில்லை. சிலர் ஆட்சேபிப்பதால் அந்தக் குழந்தைகளின் வேலை முழுவதும் உதவி ஆசிரியையின் தலையில் விழுகிறது. அவர் வேறு வேலையில் இருக்கும்போது குழந்தை ஈர உடையுடன் காத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். பெற்றோரின் அச்சத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை, எனக்கும் அது உண்டு. அதற்கான விடை எல்லோருக்கும் ஒரே கண்காணிப்பு என்பதே.

இதை எழுத்து மூலம் தெரிவித்தபோது, பெற்றோரின் விருப்பத்தை மதிக்கிறோம் என்று நிர்வாகம் பதில் எழுதியது. கேள்வி இன்னும் நீக்கப்படவில்லை. சேர்க்கைக்குச் செல்பவர்கள் உடை மாற்றும் இடத்தையும் பதிவேட்டையும் காட்டச் சொல்லி, அரை மணி நேரமாவது வகுப்பில் அமர்ந்து பார்த்த பிறகு முடிவெடுக்கலாம். படிவத்தின் அந்தக் கேள்வியை நிரப்பியே ஆக வேண்டும் என்பதில்லை. நாங்கள் வெற்றிடமாகவே விட்டோம், மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார்கள்.